முதல் உருண்டை

நெய்தல் கோபுரத்துக் காக்கைகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று குடியிருப்போர் சங்கத்திலிருந்து புகார் வந்தபோது சிகாமணிக்குச் சிரிப்புதான் வந்தது. ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கின்றன, ஜன்னல் கண்ணாடியில் தெரியும் தங்கள் உருவத்தோடேயே சண்டை போடுகின்றன, கழுத்தில் இறகில்லாமல் கறிக்கடையிலிருந்து தப்பி வந்தவை போல் திரிகின்றன என்று புகார் நீண்டுகொண்டே போனது. காக்கைகளுக்கும் எங்கள் சமையலறைக்கும் சம்பந்தமில்லை என்று பதில் அனுப்பிவிட்டு அவன் காபியைக் குடித்தான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். சிகாமணி தன் விரலால் கெட்டவன்.

அவன் வேலை சோறு. சென்னைக்குத் தெற்கே கடலோரமாக நிற்கும் அந்தக் கோபுரத்தில் எந்த வீட்டிலும் அடுப்பு கிடையாது. எல்லோருக்கும் தரைத்தளத்தில் ஒரே சமையலறை. குடியிருப்பவர் ஒவ்வொருவர் தொண்டைக்குழியிலும் தோல் நிறத்தில் ஒரு பொட்டு ஒட்டியிருக்கும். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு, தைராய்டு சுரப்பு எவ்வளவு என்று அது ஓயாமல் கீழே சொல்லிக்கொண்டிருக்கும். கேட்டதற்கேற்ப இயந்திரங்கள் சமைத்து, தட்டில் வைத்து, சுவருக்குள் ஓடும் சின்ன லிஃப்டில் வீட்டுக்கு வீடு ஏற்றி அனுப்பும்.

இந்த ஏற்பாட்டில் சிகாமணியின் பெருமை தைராய்டு. அதற்கான மாத்திரையைப் போல எளிமையான மருந்தும் இல்லை, அதைப் போல மனிதர்கள் பாழாக்கும் மருந்தும் இல்லை என்பான். வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் காபி வாசனை வந்த பிறகு சும்மா இருக்கிற தமிழன் எங்கே இருக்கிறான்? மாத்திரையைக் காபியோடு விழுங்குவான். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்புச் சத்து மாத்திரையையும் சேர்த்து ஒரே வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றை ஒன்று உடம்பில் சேரவிடாமல் அடிக்கும்படி செய்வான். ஒருத்தி போனில் எதையோ படித்துவிட்டு அயோடின் உப்பை விட்டு இந்துப்புக்கு மாறுவாள். இன்னொருவர் வேகவைத்த முட்டைக்கோஸைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்ப்பார். இரவு வேலைக்காரர் மத்தியானம் எழுந்து, பிரியாணி தின்றுவிட்டு, 'காலை' மாத்திரையைத் தேடுவார்.

இந்த ரகளைக்கெல்லாம் சிகாமணி கண்டுபிடித்த தீர்வு ஒரு சோற்று உருண்டை. நெல்லிக்காய் அளவு, வெள்ளையாக, தட்டின் ஓரத்தில் தனியாக இருக்கும். தட்டை மூடியிருக்கும் தாளில் 'முதலில் உருண்டை' என்று மட்டும் அச்சிட்டிருக்கும். உருண்டையை எடுத்து அரைமணி நேரம் ஆன பிறகுதான் இட்லி மூடியும் காபி மூடியும் திறக்கும். தைராய்டு குறைவுள்ளவரின் உருண்டையில் அவருக்கு வேண்டிய மருந்து இருக்கும். மற்றவர் உருண்டை வெறும் சோறு. யாரும் நோயாளியாகத் தனித்துத் தெரியக் கூடாது என்பதற்காக எல்லாத் தட்டிலும் ஓர் உருண்டை.

உருண்டையில் மருந்து இருக்கிறது என்று மட்டும் அவன் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பாதியைத் தின்பார்கள், அல்லது பக்கத்து வீட்டு உருண்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். "தெரிஞ்சா மருந்து, தெரியலேன்னா சாப்பாடு" என்று அவன் கூட்டங்களில் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். கம்பெனி ஒப்பந்தத்தில், உணவோடு மருந்து தரப்படலாம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

அவன் மனைவி செண்பகமும் படிக்கவில்லை.

ஊருக்கெல்லாம் வேலை செய்த உருண்டை செண்பகத்துக்கு வேலை செய்யவில்லை. கோவில்பட்டிச் சந்தையில் ஒரு முழம் பூவுக்கு அரைமணி நேரம் பேரம் பேசிய பெண், இப்போது ஒரு புடவையை மடிக்க ஒரு காலை முழுவதும் எடுத்துக்கொண்டாள். சித்திரை வெயிலில் சால்வை போர்த்திக்கொண்டாள். முகம் ஊதிப்போய், குரல் கட்டி, சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு எதற்காக எடுத்தோம் என்று யோசித்தபடி உட்கார்ந்திருப்பாள். சுரப்பு குறைவு, இன்னும் குறைவு என்று அவள் தொண்டைப் பொட்டு சொல்லிக்கொண்டே இருந்தது. அளவைக் கூட்டட்டுமா என்று இயந்திரம் கேட்கும். டாக்டர் ரெஜினாவும் சிகாமணியும் ஆளுக்கொரு முறை சம்மதம் அழுத்தினால் கூட்டிவிடும். சிகாமணி ஒவ்வொரு முறையும் அழுத்தினான். பயமும் எரிச்சலும் அவனுக்குள் மாறி மாறி வந்தன. இந்த வேகத்தில் போனால் அவள் ஒரு நாள் எழுந்திருக்கவே மாட்டாளோ என்று நினைப்பான். உடனே, என் மருந்துக்கு என் வீட்டிலேயே இந்த அவமானமா என்றும் நினைப்பான்.

"உங்க ஒய்ஃப் மட்டும் இல்ல சார்" என்றாள் ரெஜினா. சமையலறையின் மருத்துவர் அவள்தான். திரையில் ஒரு கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "மருந்து உடம்புல ஒட்டாதவங்க இந்தக் கோபுரத்துல நிறைய பேர் இருக்காங்க. வேடிக்கை என்னன்னா, மத்தவங்களுக்கும் சனிக்கிழமை ஆனா கொஞ்சம் இறங்குது. அமாவாசைக்கு இன்னும் இறங்குது."

"அதுக்குத்தான் வெளிநாட்டு நிபுணர் அறிக்கை குடுத்திருக்காரே. சந்திரனுக்கும் தைராய்டுக்கும் தொடர்பு இருக்கலாமாம். அமாவாசை அன்னைக்கு மட்டும் அளவைக் கூட்டச் சொல்றார்."

"சந்திரனுக்கு வேற வேலை இல்லையா சார்?" ரெஜினா திரையை அணைத்தாள். "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. செண்பகம் சாப்பிடறத நீங்க கடைசியா எப்பப் பாத்தீங்க?"

விடிந்ததும் கீழே இறங்கி, சமையலறையிலேயே சாப்பிட்டு, பொழுது சாய்ந்து மேலே போகிறவன் சிகாமணி. ஆயிரம் பேர் என்ன தின்றார்கள் என்று அவனால் சொல்ல முடியும். தன் மனைவி எப்படித் தின்கிறாள் என்று தெரியாது.

மறுநாள் காலை அவன் வேலைக்கு இறங்கவில்லை. முப்பத்தோராவது மாடியில், கூடத்து நாற்காலியில், கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுவர் லிஃப்டில் தட்டு வந்தது. செண்பகம் மெல்ல எழுந்து போய்த் தாளை உரித்தாள். உருண்டையை வலது கையில் எடுத்தாள். பொட்டுக்குக் கீழே அது இறங்கப்போவதைப் பார்க்க அவன் கழுத்தை நீட்டினான்.

அவள் பால்கனிக் கதவைத் திறந்து, கைப்பிடிச் சுவரில் உருண்டையை வைத்து, "வாங்க அத்தை" என்றாள்.

அடுத்த கணம் ஒரு காக்கை வந்து விழுந்தது. கழுத்து, மார்பு எங்கும் இறகில்லை. உட்காரவில்லை, குதித்தது. உருண்டையைக் கொத்தியது, சுவரைக் கொத்தியது, செண்பகத்தைப் பார்த்து ஒரு பாட்டம் கத்தியது, மறுபடி உருண்டையைக் கொத்தியது.

"நீ என்ன பண்ற?" என்றான் சிகாமணி. குரல் அவனுக்கே பிடிக்காத உயரத்தில் வந்தது.

"அத்தைக்கு வைக்கிறேன்." அவள் சாதாரணமாகச் சொன்னாள். "நீங்கதான் சாமியும் இல்ல பூதமும் இல்லன்னு சொல்லிட்டீங்க. அவுக போன நாள்லேர்ந்து நான்தான் வைக்கிறேன். இங்க வந்தப்புறம் ரொம்பச் சௌகரியம். காக்காய்க்குத் தனியா உருண்டையே பிடிச்சு அனுப்பிடுதாக. காக்கா திங்கிறவரைக்கும் நம்ம தட்டும் திறக்காது. உங்க மிசினுக்குச் சாஸ்திரம் தெரிஞ்சிருக்கேன்னு நாங்க மாடி முழுக்கப் பேசிக்கிடுவோம்."

உருண்டை போய்விட்டதென்று தட்டுக்குத் தெரியும். யார் வாய்க்குள் போனதென்று தெரியாது. இத்தனை காலமும் அவன் தன் தாய் பேச்சியம்மாளுக்குத் தைராய்டு மருந்து கொடுத்திருக்கிறான், அதுவும் அவள் செத்த பிறகு.

"எல்லாரும் வைக்கிறாகளா?"

"எங்கள மாதிரி ஒரு பத்து வீட்டுக்கு ஒரு வீட்டுல தினம் வைக்கிறாக. மத்தவுக சனிக்கிழமை, அமாவாசைக்கு." காக்கை கத்திவிட்டுப் பறந்தது. செண்பகம் அதன் வழுக்கைக் கழுத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "அத்தைக்குத்தான் உடம்பு சரியில்லங்க. ஒரு நிலையில இல்ல, படபடன்னு அடிச்சுக்கிடுதாக. உசுரோட இருந்தப்ப ரசத்துல உப்புப் பத்தலன்னு கத்துவாகளே, அதே கத்து."

"நாளையிலேர்ந்து அந்த உருண்டைய நீ திங்கணும்."

"ஏன்?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் பழகிப்போன வாய். "அதுலதான் சத்து இருக்கு. காக்காய்க்கு வச்சா எனக்குக் கெட்ட கோபம் வரும், சொல்லிட்டேன்" என்றான். அவள் ஊதிய கண்களால் அவனைப் பார்த்து, சரி என்று தலையாட்டினாள்.

அதற்கடுத்த நாள் காலை ரெஜினா கோட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே சிகாமணி எல்லாவற்றையும் கொட்டினான். கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அவனுக்கு மூச்சு வாங்கியது. "சந்திரனும் இல்ல, ஒட்டாத உடம்பும் இல்ல டாக்டர். காக்கா! பறவைக்கு இந்த மருந்து போனா இறகு கொட்டுமா?"

"கொட்டும். தைராய்டு ஏறினா இறகு உதிர்க்கும்." ரெஜினா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். "சார், செண்பகம் கிட்ட என்ன சொன்னீங்க?"

"இனிமே நீயே சாப்பிடுன்னு கண்டிச்சுச் சொல்லிட்டேன்."

"இப்ப அவங்க உருண்டையில எவ்வளவு இருக்கு?"

ஒட்டவில்லை, ஒட்டவில்லை என்று இரண்டு பேரும் அழுத்தி அழுத்தி ஏற்றிவைத்தது முழுவதும் அந்த உருண்டைக்குள் இருந்தது.

"அவங்க இதயம் இப்ப மெதுவா ஓடிட்டிருக்கு சார். வீங்கியிருக்கு. இதுல பாதி போனாலும் தாங்காது. தட்டு போயிடுச்சா?"

தட்டு போய்விட்டிருந்தது.

அவன் போன் அடித்துக்கொண்டே ஓடினான். செண்பகம் காலையில் விளக்கேற்றி முடிக்கும்வரை போனைத் தொட மாட்டாள். ஆள் ஏறும் லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்றது. நடைப்பயிற்சி முடித்தவர்கள், பள்ளிக்கூடப் பைகள், ஒரு சைக்கிள். சைக்கிள்காரர் முன் சக்கரத்தை உள்ளே நுழைக்க முடியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலங்காத்தால ஏன் தம்பி இப்படி வேர்க்குது? தைராய்டா இருக்கும், பாருங்க" என்று பக்கத்தில் ஒருவர் அக்கறையாகச் சொன்னார். சிகாமணி லிஃப்டின் சுவரைக் கையால் தட்டிக்கொண்டே இருந்தான். கடவுளே என்று தன் வாய் சொல்வதை அவன் கேட்டான். யாரைக் கூப்பிடுகிறோம் என்று யோசிக்க நேரமில்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. மேஜைமேல் தட்டு. ஓரத்தில் உருண்டை இல்லை. செண்பகம் நாற்காலியில் கை கட்டி உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட்டியா?"

அவள் திடுக்கிட்டாள். "சாப்பிட்டேன்."

"உருண்டைய?"

"நீங்க சொன்னபடி சாப்பிட்டுட்டேன்."

சிகாமணி தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டான். "வாந்தி எடு செம்பா. விரல விட்டு எடு. ஐயோ, ஆம்புலன்ஸுக்குச் சொல்லணும், போன் எங்க?" போன் அவன் கையிலேயே இருந்தது. அவன் அழுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் முன்னால் அவன் அழுதது அதுதான் முதல் தடவை.

"என்னங்க, சோத்துல என்ன?"

"மருந்து. உன் தைராய்டு மருந்து. இத்தனை நாளும் அதுலதான் இருந்துச்சு. உனக்குச் சேரலன்னு ஏத்திக்கிட்டே போனேன். இப்ப அது வெசம்."

செண்பகம் மெல்ல யோசிப்பவளாகி வெகுநாளாயிற்று. அவன் சொன்னது அவளுக்குள் போய்ச் சேர நேரம் பிடித்தது. போய்ச் சேர்ந்ததும் அவள் அவன் தலையில் கை வைத்தாள்.

"நான் திங்கலங்க."

அவன் நிமிர்ந்தான்.

"வாய் வரைக்கும் கொண்டு போனேன். அவுகளுக்கு வைக்காம எனக்கு இறங்கல. நான் வாயில வச்சிட்டு அப்புறம் வச்சா எச்சி ஆயிடுமில்ல? அத்தைக்குத்தான் வச்சேன். நீங்க சோதிக்கத்தான் வாறீங்கன்னு நெனச்சுப் பொய் சொன்னேன்."

சிகாமணி அழுகையை நிறுத்த முடியாமல் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"மருந்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அன்னைக்கே தின்னுருப்பேனே. மருந்தப் போயி யாராவது காக்காய்க்கு வைப்பாகளா?" அவள் கையை அவன் தலையிலிருந்து எடுத்துவிட்டாள். "மத்தவுக வீட்டுக்கெல்லாம் சொல்ல வேண்டாம். எனக்குமா?"

அவள் திரும்பிப் பால்கனியைப் பார்த்தாள். கைப்பிடிச் சுவரில் நாலைந்து பருக்கைகள்தான் கிடந்தன.

"அப்ப அத்தை?" என்றாள்.

முன்பகலில் கம்பெனித் தலைவர் விக்ராந்த் பெங்களூரிலிருந்து திரையில் வந்தார். முழுவதும் கேட்டுவிட்டு ரொம்பச் சாந்தமாகப் பேசினார். "சிம்பிள். பால்கனிக்கெல்லாம் வலை அடிச்சிடலாம். காக்கா வராது. அவங்களே சாப்பிட்டுக்குவாங்க. நாளைக்குக் காலையில ஆள் வரும்."

"ஏத்தி வச்சிருக்கிற அளவை அவங்க சாப்பிட்டா என்ன ஆகும்னு தெரியுமா சார்?" என்றாள் ரெஜினா.

"படிப்படியா குறைச்சுக்கலாம். ஒரேயடியா குறைச்சா ஏன்னு கேள்வி வரும். குடியிருக்கிறவங்களுக்கு எதுவும் சொல்லக் கூடாது. சிகாமணி, நீங்க சொன்னதுதானே? தெரிஞ்சா மருந்து, தெரியலேன்னா சாப்பாடு."

தன் வாக்கியத்தை இன்னொருவர் வாயிலிருந்து கேட்பது அவனுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. சரி சார் என்று சொல்லித் திரையை அணைத்தான். பிறகு அவனும் ரெஜினாவும் எதிரெதிரே உட்கார்ந்து, மருந்து ஒட்டாதவர்கள் என்று பெயர் வாங்கிய ஒவ்வொருவருக்கும் அளவைப் பழையபடி தொடக்கத்துக்கே இறக்கினார்கள். நிஜமாகவே குறைக்கட்டுமா என்று இயந்திரம் ஒவ்வொரு முறையும் கேட்டது. ஆம் என்று அவன் அழுத்தினான், ஆம் என்று அவள் அழுத்தினாள். அன்று பொழுதுக்கும் அவர்கள் செய்தது அதுதான்.

தாளில் என்ன அச்சிட வேண்டும் என்பதை மட்டும் சிகாமணி தனியாக முடிவு செய்தான். அதற்கு யார் சம்மதமும் தேவையில்லை.

மறுநாள் காலை கோபுரத்தின் எல்லா வீட்டுக்கும் தட்டு ஏறியது. ஓரத்தில் இந்த முறை இரண்டு உருண்டைகள். தாளில் பெரிய எழுத்தில்: 'மஞ்சள் உருண்டை உங்களுடையது. தைராய்டு குறைவு இருந்தால் இதில்தான் உங்கள் மருந்து இருக்கிறது. இத்தனை நாள் சொல்லாதது எங்கள் தவறு. வெள்ளை உருண்டையை யாருக்கு வேண்டுமானாலும் வையுங்கள்.' கொஞ்ச நேரத்தில் சிகாமணியின் அடையாள அட்டை இனி எந்தக் கதவையும் திறக்காதபடி கம்பெனி அதை முடக்கியது. அவன் அப்போது முப்பத்தோராவது மாடியில், செண்பகத்துக்கு எதிரே, தன் தட்டோடு உட்கார்ந்திருந்தான். கீழே முற்றத்தில் வலை அடிக்க வந்தவர்களை மாடி மாடியாக ஆட்கள் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

செண்பகம் மஞ்சள் உருண்டையைத் தொடவில்லை. வெள்ளை உருண்டையைச் சுவரில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். இறகு முழுதாக உள்ள, வேறு யார் வீட்டுப் பெரியவர்களோ, இரண்டு காக்கைகள் வந்தன. அவற்றை அவள் விரட்டினாள்.

"அவுக வரல" என்றாள். "நேத்து அவ்வளவையும் தின்னாக. வரவே மாட்டாகளோ என்னமோ."

"அதுக்காக நீ சாப்பிடாம இருப்பியா?"

"எனக்கு இறங்காதுங்க. கூப்பிட்டுப் பாத்துட்டேன். என் குரலும் கம்மிப்போச்சு."

சிகாமணி எழுந்தான். தன் தட்டிலிருந்த வெள்ளை உருண்டையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். எப்படிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியாது. 'கா' என்று ஆரம்பித்தான். பக்கத்து பால்கனிக்காரர் திரும்பிப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் காக்கை காக்கை மட்டும்தான் என்று அவன் மூளை அந்த நேரத்திலும் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் தொண்டை அதைக் கேட்கவில்லை.

"அம்மா" என்று கூப்பிட்டான். "அம்மா, வாம்மா. சாப்பிட வா."

ஏசி இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து அது நடந்து வந்தது. பறக்கச் சிறகில் இறகு மிச்சமில்லை. உடம்பு நடுங்கியது. சுவர் விளிம்பில் ஒவ்வொரு அடியாக வைத்து வந்து, அவன் நீட்டிய உள்ளங்கையைச் சாய்ந்து பார்த்தது. உருண்டையை ஒரு கொத்துக் கொத்தியது. விழுங்கியது. பிறகு அலகைச் சுவரில் தேய்த்துவிட்டு, அவனைப் பார்த்துக் கத்து கத்து என்று கத்தியது.

உள்ளேயிருந்து செண்பகத்தின் குரல் வந்தது. "உப்புப் பத்தலையாம்" என்றாள்.

அவள் மஞ்சள் உருண்டையை எடுத்து வாயில் போட்டாள். அது தொண்டைப் பொட்டைத் தாண்டி இறங்கும்வரை சிகாமணி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.